மும்முனைப் போட்டியில் ஞானதாசன் மாமா நின்றதும் நிற்காததும்

தேங்காய்ப்பட்டணம்,
செப்டம்பர் 2011, திங்கட்கிழமை

மஸ்கட் ஆஸ்பத்திரியில் ஊரார் காய்ச்சலையெல்லாம் அளந்துகொண்டிருக்கும் என் அன்பும் மரியாதையும் கலந்த விக்டோரியா மாமிக்கு,

பிளஸ் ஒன் படிப்பதாக வீட்டார் நம்பிக்கொண்டிருக்கும் மருமகன் டெல்வின் குனிந்து எழுதும் கடிதம். ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். சுகமில்லாதவை மாமாவின் முழங்கால் இரண்டும் கோயில் ஒலிபெருக்கி ஒன்றும் மட்டுமே. அங்கே உங்கள் சுகத்தையும், ஏசிக் குளிரில் தொண்டை கட்டாமல் இருக்கிறதா என்பதையும் அறிய ஆவல். இந்தக் கடிதத்தை, இன்று விமானம் ஏறுகிற நம் பக்கத்து வீட்டு அனிஷ் அண்ணனின் பெட்டியில், அம்மா கட்டிய நெத்திலிக் கருவாட்டுக்கும் கருப்பட்டிக்கும் நடுவில் செருகி அனுப்புகிறேன். கடிதம் கொஞ்சம் வாடை அடிக்கும். விஷயம் அதைவிட அடிக்கும்.

நிற்க. கடிதத்தில் சுகம் விசாரித்து முடித்ததும் இப்படி ஒரு சொல் போட வேண்டும் என்று தமிழ் ஐயா சொல்லித் தந்திருக்கிறார். எதற்கென்று நான் கேட்டதில்லை. ஆனால் இந்த ஒரு சொல்லால்தான் நேற்று இத்தனை வினையும் வந்தது என்பதால், மரியாதைக்கு ஒருமுறை போட்டுவைத்தேன்.

நேற்று போட்டி முடிந்ததும் மாமா உங்களுக்குப் போன் செய்து "முடிஞ்சு" என்று ஒரே சொல் சொல்லிவிட்டு, சார்ஜ் இல்லை என்று வைத்துவிட்டாராம். நீங்கள் பதறிப்போய் அம்மாவைக் கூப்பிட்டு, "என்ன முடிஞ்சு? ரேஸ் முடிஞ்சா, ஆளுக்க கதை முடிஞ்சா?" என்று கேட்டீர்களாம். அம்மாவுக்கு விளக்கத் தெரியாமல், "டெல்வின் எல்லாம் விவரமா எழுதுவான்" என்று என் தலையில் கட்டிவிட்டாள். சார்ஜ் இருந்தது மாமி. தைரியம்தான் இல்லை. ஏன் இல்லை என்பது போகப் போகத் தெரியும்.

போன மாதம் நீங்கள் மாமாவுக்குப் போட்ட நிபந்தனை இந்தத் தெருவுக்கே தெரியும். ஸ்பீக்கர் போனில் பேசினால் அப்படித்தான். "நீங்க தொடங்கினது எதையாவது இதுவரை முடிச்சிருக்கியளா? காம்பவுண்டுச் சுவர் மூணு பக்கம் நிக்கிது, நாலாவது பக்கம் ஆடு நிக்கிது. டிரைவிங் படிக்கப் போனிய, ரிவர்ஸ் படிக்காம வந்திய. இந்தத் தடவையும் ரேஸை முடிக்கலேன்னா, நான் வாங்கி அனுப்பின கியர் சைக்கிளை எனக்க அண்ணனுக்குக் குடுத்திருவேன். அவரு பின்னால மீன்பெட்டி வச்சிக் கெட்டி வியாபாரத்துக்குப் போவாரு." அன்று மாமா சாப்பிடவில்லை. வராந்தாவில் நின்ற சைக்கிளை ஒரு துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்கத் துடைக்க அதன்மேல் மீன்பெட்டி ஏறுவது அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாமாவின் அணியை நீங்கள் போட்டோவில்தான் பார்த்திருக்கிறீர்கள். மூன்று பேர், மூன்று வேலை. முதலில் ரெஜிஷா அக்கா நீந்த வேண்டும். அவள் காலேஜ் இரண்டாம் வருஷம்; கரையில் நடந்தால் தடுக்கி விழுவாள், வெள்ளத்தில் விட்டால் வஞ்சிரம் மீன். அடுத்து மாமா கடலோர ரோடு வழியாக வட்டக்கோட்டை வரை சைக்கிள் மிதிக்க வேண்டும். அங்கே காத்து நிற்கிற பகவதியப்பன் அண்ணாச்சியின் கையில் நேரம் காட்டும் பட்டையைக் கொடுக்க வேண்டும். அவர் ஓடி முடிக்க வேண்டும். பகவதியப்பன் அண்ணாச்சிதான் இந்த அணியின் ஓட்டக்காரர். ஆனால் இதுவரை ஒரு போட்டியிலும் ஓர் அடிகூட ஓடியதில்லை. பட்டை அவர் கைக்கு வந்தால்தானே? விடியுமுன்பே வாழைத் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்து, ஷூ மாட்டி, அதன் கயிற்றை இறுக்கிக் கட்டி, குதித்துக் குதித்து நிற்பார். நேரம் முடிந்து போட்டிக்காரர்கள் கேட்டை மூடியதும் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிப் போவார். அந்த ஷூ வாங்கி இரண்டு வருஷமாகியும் புதுசாகவே இருக்கிறது.

மாமா ஏன் போய்ச் சேருவதில்லை என்றால், கால் காரணமில்லை, வாய்தான் காரணம். ஐஸ் பிளாண்டில் மேனேஜர் என்பதால் இங்கிருந்து ராஜாக்கமங்கலம் துறை வரை கடற்கரை முழுக்க அவரிடம் ஐஸ் வாங்குகிறவர்கள்தான். ஒருத்தர் "எங்க போறிய?" என்று கேட்டால் பதில் சொல்லாமல் போகிற பழக்கம் மாமாவுக்குக் கிடையாது. சைக்கிளை நிறுத்தி, காலை ஊன்றி, "சும்மா ஒரு ரேசுக்கு" என்பார். "ரேசா? அப்பம் ஒரு சாயா குடிச்சிட்டுப் போங்க" என்பார்கள். போன வருஷம் குளச்சலில் இரண்டு சாயாவும் ஒரு கல்யாணப் பேச்சும் முடித்துவிட்டு வந்தபோது, போட்டிக்காரர்கள் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு உங்களிடம் "செயின் போச்சு" என்று போனில் சமாளித்தாரே, நீங்கள்கூடக் கழுத்துச் செயின் என்று நினைத்து ஆஸ்பத்திரியிலேயே அழுதீர்களே, அந்தச் செயின் எந்தச் சேதமும் இல்லாமல் சைக்கிளில்தான் கிடந்தது.

இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாதென்று நாங்கள் முறையாக இறங்கினோம். முதல் வேலை பிளெக்ஸ் போர்டு. பிளெக்ஸ் வைக்காமல் நம் ஊரில் பிள்ளைக்குக் காதுகுத்தே நடக்காது, ரேஸ் நடக்குமா? நோட்டீசில் 'ட்ரையத்லான்' என்று போட்டிருந்தது. அதை வாசித்த ஐஸ் பிளாண்ட் ஆட்கள் "ட்ரையா? அப்பம் வெள்ளத்துல எப்பிடி நீந்துவாவ?" என்று கேட்டார்கள். தமிழில் மார்க் வாங்குகிற பிள்ளை என்று மாமா என்னைக் கூப்பிட்டார். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டிக்கு, பேப்பரில் அடிக்கடி பார்த்த ஒரு நல்ல சொல் எனக்கு ஞாபகம் வந்தது. எழுதிக் கொடுத்தேன்: 'மும்முனைப் போட்டியில் களம் காணும் எங்கள் ஞானதாசன் அணி! வெற்றி நிச்சயம்!' பிளெக்ஸ் கடைக்காரர் போட்டோ கேட்டார். மாமாவிடம் தெளிவாக இருந்தது எங்கள் பெரிய அக்கா கல்யாணத்தில் வாசலில் நின்று எல்லாரையும் கைகூப்பி வரவேற்ற போட்டோதான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கூப்பிய கை. பக்கத்தில் சைக்கிள் படம். உள்ளாட்சித் தேர்தல் வருகிற நேரம் என்பது அப்போது எனக்கு ஞாபகமே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அதனால் சொல்லவில்லை.

போர்டு கட்டி முடிக்குமுன்பே ஜங்ஷனில் பேச்சு வந்துவிட்டது. "வார்டு மெம்பருக்கு ஐஸ் பிளாண்ட் ஞானதாசன் நிக்காராம். சின்னம் சைக்கிளாம்." ஏற்கெனவே அந்த வார்டுக்கு ரேஷன் கடைப் பக்கத்து ஜெயசிங்கும் இன்னொருத்தரும் ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்கள். மாமாவோடு சேர்த்தால் கணக்கும் சரியாக மும்முனைதான் வந்தது. ஐஸ் பிளாண்ட் தொழிலாளர்களின் தலைவர் குமாரதாஸ் வீட்டுக்கே வந்து மாமாவின் கையைப் பிடித்துக் கண்கலங்கினார். "நீரு நிக்கப் போறீருன்னு கேட்டு எனக்கு ஒறக்கம் வரல்ல ஓய். நம்ம தெருவுக்கு வெள்ளம் வந்து எத்தனை நாளாச்சு. நீரு நின்னா பைப்புல வெள்ளம் நிக்காது!" மாமா அவருக்கு ட்ரையத்லானை விளக்கினார். குமாரதாஸ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீந்தணும், மிதிக்கணும், ஓடணும். செரிதான், எலெக்‌ஷன்னா அப்பிடித்தானே?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போட்டிக்கு முந்தின சாயங்காலம் மாமா என்னை வராந்தாவுக்கு அழைத்தார். "மக்கா டெல்வினே, நாளைக்கு நான் வழியில எங்கயும் நிக்கக் கூடாது. ஆரு கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. ஆனா வாயைத் தொறந்தா நின்னுருவேன். அதனால நீ எழுது, நான் முதுகுல கெட்டிக்கிடுகேன்." மிச்சமிருந்த பிளெக்ஸ் துண்டில் சிவப்பு மையால் எழுதினேன். மேல்வரியில் 'யாரும் கூப்பிட வேண்டாம்' என்று சின்னதாக. கீழே இடம் நிறைய இருந்ததால் 'நான் நிற்க மாட்டேன்' என்று பெரிதாக. வெறும் வரி மொட்டையாக இருக்கிறதே என்று அடியில் 'இப்படிக்கு ஞானதாசன்' என்றும் போட்டேன். மாமா வாசித்துப் பார்த்து, "கொள்ளாம், மரியாதையா இருக்கு" என்றார்.

இனி போட்டி. காலையில் ஆறு கடலில் சேருகிற பொழிமுகத்தில் ரெஜிஷா அக்கா நின்றாள். மாமா கரையிலிருந்து "சாடு மக்கா, சாடு!" என்று கத்தினார். சென்னையிலிருந்து வந்திருந்த நடுவர் ஓடிவந்து, "சார், பாவம் அந்தப் பொண்ணு, எதுக்கு யாரையோ சாடச் சொல்றீங்க?" என்று கேட்டார். குதிக்கத்தான் சொல்கிறார் என்று நான் விளக்குமுன் அக்கா குதித்து, நீந்தி, மூன்றாவது ஆளாகக் கரையேறிப் பட்டையை மாமாவின் கையில் கட்டிவிட்டாள். மூன்றாவது ஆள் மாமி! மாமா மிதித்தார். அப்படி மிதித்து நான் பார்த்ததில்லை. அனிஷ் அண்ணனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, குடிவெள்ள பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நான் துணைக்குப் போனேன். உற்சாகப்படுத்த வேண்டுமே என்று "ஓட்டுங்க மாமா! ஓட்டுங்க மாமா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மீன் வாங்க நின்ற பெண்கள், "ஓட்டு எங்க மாமாவுக்கா? நல்லா பிரச்சாரம் பண்ணுகான் பாரு பய" என்று சிரித்தார்கள்.

வழக்கம்போல "எங்க போறிய?" என்று ஆங்காங்கே குரல் வந்தது. மாமா திரும்பவில்லை. முதுகு பதில் சொன்னது. மாமாவின் முகம் போகிற இடமெல்லாம் சந்தோஷம், முதுகு போகிற இடமெல்லாம் கலவரம். டீக்கடைகளில் பேப்பரை மடக்கி வைத்துவிட்டு எழுந்து நின்று வாசித்தார்கள். யாரோ ஜெயசிங்குக்குப் போன் போட்டார்கள்: "ஞானதாசன் வெலகியாச்சு! முதுகுல எழுதிக் கெட்டிட்டு ஊரூரா அறிவிச்சிட்டுப் போறாரு." அதே நேரம் குமாரதாசுக்கும் ஒரு போன்: "நம்ம ஆளை ஆரோ மிரட்டி எழுதிக் கெட்டி விட்டுருக்கானுவ. நிக்க விடாம தொரத்துகானுவ, பைக்குல ரெண்டு பேரு பின்னாலயே போறானுவ." அந்த இரண்டு பேர் நானும் அனிஷ் அண்ணனும்.

மணவாளக்குறிச்சி, முட்டம், ராஜாக்கமங்கலம் என்று ஒவ்வொன்றாகக் கழிந்தது. ராஜாக்கமங்கலத்தில் ஒரு வியாபாரி ரோட்டின் நடுவில் சாயா கிளாசை நீட்டிக்கொண்டே நின்றார். மாமா வளைந்து போய்விட்டார். போகிற போக்கில் கிளாசைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது வேறு விஷயம். கன்னியாகுமரியைத் தாண்டியபோது எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. வட்டக்கோட்டைக்குத் திரும்புகிற ரோட்டில், கேட் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், பகவதியப்பன் அண்ணாச்சி கயிற்றுக்கு அந்தப்பக்கம் கையை நீட்டிக்கொண்டு குதிப்பதும் தெரிந்தது. அந்தக் கேட்டுக்கு இந்தப்பக்கம் ஒரு ஜீப்பும் இரண்டு ஆட்டோவும் குறுக்கே நின்றன. ஜீப்பில் ஜெயசிங், கையில் ஆளுயர மாலை. ஆட்டோக்களில் குமாரதாசும் ஐஸ் பிளாண்ட் முழுவதும்.

"ஓய் ஞானதாசன்! உம்ம நம்பி ஒரு தெருவே இருக்கு. நீரு நிக்கணும்!" என்று குமாரதாஸ் கையை விரித்தார்.

"நிக்க மாட்டேன்!" என்றார் மாமா. கால் தரையில் பட்டால் பேச்சு தொடங்கிவிடும் என்று அவருக்கே பயம். அதனால் நிற்காமல் அவர்களைச் சுற்றி வட்டமடித்தார்.

"கேட்டியளா? அவரு வாயாலயே சொல்லியாச்சு!" என்று ஜெயசிங் மாலையைத் தூக்கினார். "பெரிய மனசு அண்ணாச்சி உங்களுக்கு. இந்த மாலையை வாங்கிக்கிடணும். ஒரு நிமிசம் நில்லுங்க!"

"பாத்தியளா, ஜெயசிங்கே நிக்கச் சொல்லுகாரு!" என்று குமாரதாசின் ஆட்கள் கைதட்டினார்கள்.

"லேய், நான் அந்த நிக்கச் சொல்லல்ல!"

"பின்ன எந்த நிக்க?"

மாமா வட்டமடித்தார். மாலையோடு ஜெயசிங்கும் பின்னால் வட்டமடித்தார். அவரைப் பிடிக்கக் குமாரதாசும் வட்டமடித்தார். வட்டக்கோட்டைக்குப் பேர் வைத்தவர்கள் இதைப் பார்த்திருந்தால் காரணம் புரிந்திருக்கும். மாலை போட வந்தவருக்குத் தலையைக் குனியாமல் போவது நம் பக்கத்தில் பெரிய அவமரியாதை; அது மாமாவுக்கும் தெரியும், ஒவ்வொரு சுற்றிலும் மாலை நேரே வந்தபோது அவர் தலை தானாகக் குனிந்தது. ஆனால் கால் மிதித்துக்கொண்டே இருந்தது. நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, "சார், கேட்டை மூடப் போறோம்!" என்று கத்தினார். பகவதியப்பன் அண்ணாச்சி கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஞானதாசன், இந்தத் தடவையாவது என்னை ஓட விடும் ஓய்!" என்று கூவினார். மாமா ஒருமுறை கேட்டைப் பார்த்தார். ஒருமுறை சைக்கிளின் பின்னால், கேரியர்கூட இல்லாத அந்த இடத்தைப் பார்த்தார். மீன்பெட்டி தெரிந்திருக்கும் போல.

"சரிடே, நிக்கேன்! எலெக்‌ஷன்ல நிக்கேன்! போதுமா? இப்பம் வழிய விடுங்கடே!"

ஐஸ் பிளாண்ட் ஆரவாரம் செய்து இரண்டாகப் பிளந்தது. ஜெயசிங்கின் கையிலிருந்து மாலை நழுவிற்று. அந்த இடைவெளியில் மாமா புகுந்து போய்ப் பட்டையை நீட்ட, பகவதியப்பன் அண்ணாச்சி அதைப் பறித்துக்கொண்டு ஓடினார் பாருங்கள், இரண்டு வருஷ ஓட்டம் அவ்வளவும் காலில் இருந்தது. கேட்டைச் சாத்தியது அதற்குப் பிறகுதான். பஸ்ஸில் முன்பே வந்து சேர்ந்திருந்த ரெஜிஷா அக்காவும் மாமாவும் முடிவில் அண்ணாச்சியோடு சேர்ந்துகொள்ள, கடைசிக் கோட்டை மூன்று பேரும் கைகோத்துக்கொண்டு தாண்டினார்கள். எத்தனையாவது இடம் என்று கேட்காதீர்கள். எங்களுக்குப் பின்னால் வந்தது ஆம்புலன்ஸ் மட்டும்தான். ஆனால் முடித்தவர்களுக்கான மெடலை மூன்று பேர் கழுத்திலும் போட்டார்கள். பகவதியப்பன் அண்ணாச்சி ஷூவைக் கழற்றி அதில் ஒட்டிய மண்ணை எல்லாருக்கும் காட்டினார்.

அதற்குப் பிறகு மாமா கோட்டைச் சுவரின் நிழலில் தனியாகப் போய் உட்கார்ந்தார். நான் குடிவெள்ளம் கொண்டுபோனேன். குடிக்காமல் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தார்.

"டெல்வினே, இது முடிஞ்சு, இல்லியா?"

"முடிஞ்சு மாமா."

"அரைகொறையா இல்லல்லா?"

"முழுசா முடிஞ்சு."

"அப்பம் போனை எடு. அவகிட்ட நானே சொல்லணும்."

அதைத்தான் உங்களிடம் ஒரே சொல்லில் சொன்னார். அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்ததை நீங்கள் சிக்னல் கோளாறு என்று நினைத்திருப்பீர்கள். இல்லை மாமி. ஆகவே சைக்கிளை உங்கள் அண்ணனுக்குக் கொடுக்க வேண்டாம் என்று நானும் ரெஜிஷா அக்காவும் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறோம். தேர்தலைப் பொறுத்தவரை, மாமா கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே என்று இன்று காலைவரை வராந்தாவில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார். நீங்கள் அதிகமாகக் கோபப்படாமல் அவருக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னால் போதும்.

அங்கே உங்களோடு வேலை செய்கிற எல்லா நர்சம்மாக்களுக்கும் என் வணக்கம். மாதா உங்களை எந்தக் குறையும் இல்லாமல் காக்கட்டும், வெயிலுக்கு அதிகம் வெளியே போகவிடாதிருக்கட்டும், திரும்பி வரும்போது மருமகனுக்கு ஒரு நல்ல ஷூ வாங்கும் எண்ணத்தையும் மனதில் வைக்கட்டும்.

என்றும் உங்கள் கீழ்ப்படிதலுள்ள, கீழ்ப்படியாதபோதும் அன்புள்ள,
டெல்வின்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிய பிறகு மறுபடியும் பிரிக்கும்படி ஆகிவிட்டது. மாமா தேர்தலில் நிற்கவில்லை. நிற்கவும் முடியாது. நம் வார்டு இந்தத் தடவை பெண்களுக்கு ஒதுக்கியது என்று பஞ்சாயத்து ஆபீசில் சற்றுமுன்தான் சொன்னார்கள். ஜெயசிங் உடனே வீட்டுக்கு ஓடித் தன் மனைவியைத் தோசைக்கல்லின் முன்னாலிருந்து அழைத்து வந்துவிட்டார். குமாரதாசும் விடவில்லை. "வாக்கு வாக்குதான். அவரு நிக்க முடியாட்டா அவருக்க வீட்டுல நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். ஜங்ஷனில் இப்போது உங்கள் போர்டைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நர்ஸ் உடுப்பில் அழகாக இருக்கிறீர்கள். இதை உங்களிடம் சொல்லத்தான் மாமாவுக்குத் தைரியம் வரவில்லை, இப்போதும் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். மனுவில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டுமாம், அதனால் லீவு போட்டு, டிக்கெட் போட்டு, சீக்கிரம் வாருங்கள். மற்றபடி இதில் என் பங்கு எதுவும் இல்லை. உங்கள் படத்துக்குக் கீழே உள்ள வாசகம் மட்டும் நான் எழுதியது: 'ஊசி போட்ட கைக்கே ஓட்டுப் போடுங்கள்!'